ஆயிரத்து நூறு பெட்டிகளும் ஒரு தேர்வும்

மீக்கணினி என்றதும் பலரது மனக்கண்ணில் எழுவது, அரசுகளும் ஆயுத ஆய்வுகூடங்களும் மாத்திரமே வாங்கத்தக்க பெரும்பொறியாகும். அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் நாசாவின் கொடார்ட் நிலையத்திற் பணியாற்றிய தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். 1994இல் அவர்கள் பதினாறு சாதாரண கணினிகளை வலையமைப்பினாற் பிணைத்து, ‘பேவுல்வ்’ எனப் பெயரிட்டனர். அதில் இயங்கியது லினக்ஸ். அது விலையின்றிக் கிடைத்தது என்பது அத்துணை பெரிதன்று. அதன் மூலநிரல் திறந்திருந்தது. வலையமைப்பு அட்டைகளுக்கான செலுத்தி மென்பொருள் பலவற்றைப் பெக்கர் தாமே எழுதினார்.

தனிக்கணினிக்குப் பணிசெயல் முறைமையைத் தெரிவது பெரும்பாலும் பழக்கத்தின்பாற்பட்டது. கொத்தணிக்கோ அவ்வாறன்று. ஒரு பெருங்கணிப்பு ஆயிரக்கணக்கான முறைவழியாக்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்போது, அவை இடையிடையே ஒன்றற்காக ஒன்று காத்துநின்றே அடுத்த படிக்குச் செல்கின்றன. ஒரு கணுவிலே பணிசெயல் முறைமை தன் சொந்த வீட்டுவேலைக்காகக் கணநேரம் ஒதுங்கினாலும் ஏனையவை யாவும் கைகட்டி நிற்கவேண்டியதே. லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் ‘கியூ’ இயந்திரத்தில் இது மெய்ப்பிக்கப்பட்டது. அங்கு ஒரு கணிப்புநிரல் எதிர்பார்த்த வேகத்தின் பாதியளவிலேயே ஓடிற்று. குறை வன்பொருளில் இல்லை, பின்னணியில் நிகழ்ந்த சில்லறை அலுவல்களிலேயே உள்ளது என 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவற்றை ஒழுங்குசெய்ததும் வேகம் ஏறத்தாழ இருமடங்காயிற்று.

அதே 2003இல் அமெரிக்காவின் வேர்ஜினியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் துணிகரமான காரியமொன்றை மேற்கொண்டது. அப்பிள் நிறுவனத்தின் ‘பவர் மக் ஜீ5’ மேசைக்கணினிகள் 1100ஐ வாங்கி, மாணவத் தொண்டர்களின் கைகளாலே கொத்தணியாக்கியது. அவர்கள் பெற்ற கூலி பீற்சா. செலவு ஏறத்தாழ 52 இலட்சம் டொலர். அக்காலத்து மீக்கணினி விலைகளோடு ஒப்பிடின் இது மிகச் சொற்பம். ‘சிஸ்டம் எக்ஸ்’ எனப்பட்ட அக்கொத்தணி செக்கனுக்கு 10.28 இலட்சங்கோடி கணிப்புகளைச் செய்து, 2003 நவம்பரில் உலகப் பட்டியலின் மூன்றாம் இடத்தைப் பெற்றது. அதற்கு நேர்மேலே இரண்டாம் இடத்தில் இருந்தது மேற்கூறிய ‘கியூ’.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அவர்கள் விரும்பித் தெரிந்தது முறைவழியாக்கியையே. யுனிக்ஸ் வழிவந்த மக் ஓஎஸ் எக்ஸ் அதனோடு உடன்வந்தது. உடன்வந்ததற்குரிய விலையும் இருந்தது. கணுக்களை இணைத்த ‘இன்பினிபாண்ட்’ வலையமைப்புக்கு, லினக்ஸில் ஏலவே இருந்த செலுத்தி மென்பொருளை அம்முறைமைக்கெனப் புதிதாக ஆக்கவேண்டியதாயிற்று. மேலும் மேசைக்கணினிகளின் நினைவகத்தில் பிழைதிருத்தும் வசதி இல்லை. வீட்டுக் கணினியில் ஓர் இருமம் தவறினால் எவரும் கவலைகொள்ளார். ஆயிரத்து நூறு பெட்டிகளில் நாட்கணக்காக ஓடும் கணிப்பிலே அது தவறினால், ஆய்வாளர் தமது முடிவை எங்ஙனம் நம்புவது? பட்டியலில் இடம்பெறுதல் வேறு. ஓர் ஆய்வேட்டைத் தாங்குதல் வேறு. 2004இல் அப்பெட்டிகள் யாவும் அகற்றப்பட்டு, பிழைதிருத்தும் நினைவகமுடைய ‘எக்ஸ்சேர்வ்’ சேவையகங்கள் அவற்றிடத்தில் வந்தன. வேகம் 12.25 ஆக உயர்ந்தது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் கிடைத்தது ஏழாம் இடமே. அப்பிள் 2011 தொடக்கத்தில் எக்ஸ்சேர்வ் விற்பனையை நிறுத்திற்று. 2012இல் சிஸ்டம் எக்ஸ் ஓய்வுபெற்றது.

2017 நவம்பர் முதல் அப்பட்டியலின் ஐந்நூறு இயந்திரங்களிலும் ஓடியது லினக்ஸே. ஆயின் எந்த லினக்ஸ் என்ற வினா பல்கலைக்கழகங்களைப் பின்னரும் விடவில்லை. பல கொத்தணிகள் நம்பியிருந்த ‘சென்ற்ஓஎஸ்’ 8ஆம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என எதிர்பார்க்கப்பட்டது. 2021 முடிவுடன் அது நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனை நிறுவியவர்கள் மீண்டும் தேர்வுமேசைக்கு வந்தனர். இம்முறை அவர்கள் முன் ‘றொக்கி’, ‘அல்மா’ என்னும் இரு புதிய பெயர்கள் இருந்தன.