தொடையில் நாலு விரல் அகலம்

அம்மாவின் வலது முட்டி 85 டிகிரிக்கு மேல் மடங்காது. முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. பஸ் படியில் இடது காலை வைத்து ஏறி, வலதை இழுத்துக்கொள்வார். "டாக்டர் நல்லாத்தான் செஞ்சாரு, அந்தப் பிசியோ பொண்ணுதான் சரியா மடக்கிவிடல" என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. அதைப் போய்க் கோவையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடமே உளறிவிட்டேன். நண்பனின் அக்கா அவர். பதினைந்து வருடமாக ஆபரேஷன் ஆன முட்டிகளை மடக்குவதும் நீட்டுவதும்தான் பிழைப்பு. கோபித்துக்கொள்ளவில்லை. "வியாழக்கிழமை நான் ஓ.டி.க்குள்ள போறேனுங்க. டாக்டர்கிட்டயும் பேஷண்ட்கிட்டயும் கேட்டு வைக்கிறேன், நீங்களும் வந்து பாருங்க" என்றார்.

பதினைந்து வருடத்தில் அவருக்கே அது நாலாவது முறை.

பச்சை உடுப்பு, தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு, எதையும் தொடக்கூடாது என்ற கட்டளையோடு சுவரோரம் நின்றோம். மேஜையில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துக்கார அம்மா, வயது 67. முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. அவர் தொடையில் பி.பி. பார்க்கும் பட்டையைப் போலவே, ஆனால் நாலு விரல் அகலத்தில் தடிமனாக ஒன்றைச் சுற்றினார்கள். டூர்னிகே. ரத்தம் கீழே இறங்காமல் பிடிக்கிற பட்டை. காற்று ஏறியதும் மீட்டரில் 280 என்று நின்றது. நமக்குப் பி.பி. பார்க்கையில் 150 தாண்டினாலே கை விண்ணென்று இறுகும். இந்த அம்மாவின் தொடையை அது ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கவ்விக்கொண்டிருந்தது.

"முட்டியிலதான ஆபரேஷன், தொடை எதுக்கு வலிக்குதும்பாங்க. முதல் தடவை இதைப் பாக்குற வரைக்கும், வயசானவங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சிருந்தேனுங்க" என்று என் காதருகே சொன்னார். என் அம்மாவும் அதையேதான் சொன்னார். நாங்களும் அதையேதான் நினைத்தோம்.

கத்தி முட்டிச் சில்லின் உள்பக்கமாக இறங்கியது. தொடைத் தசை வந்து சேர்கிற நார் விளிம்போடு பிளந்து, சில்லை வெளிப்பக்கமாக ஒதுக்கினார்கள். காலை நீட்டித் தூக்கச் சொன்னால் மறுநாள் ஏன் தூக்க முடிவதில்லை என்பதற்குப் பாதிப் பதில் அங்கே தெரிந்தது. திறந்து தைத்த தசை அது. மீதிப் பாதிக்கு வீக்கம் காரணம். அடுத்து ரம்பம். தேங்காய்ச் சில்லு போல எலும்பு துண்டு துண்டாகக் கிண்ணத்தில் விழ, நான் கொஞ்ச நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவ்வுகளின் இறுக்கத்தைச் சமன் செய்வதாக ஏதோ நடந்தது. அது எனக்கு விளங்கவில்லை.

சிமெண்டைக் குழைத்தபோது வந்த வாடைதான் என்னை மேஜைப் பக்கம் திருப்பியது. பல்செட் செய்யும் கடையின் வாடை. தற்செயல் இல்லை. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டை ஒட்டவைக்க எடுத்துக்கொண்டது பல் மருத்துவத்தின் அக்ரிலிக்கைத்தான். மிச்சச் சிமெண்டைச் சிஸ்டர் விரலில் உருட்டி வைத்துக்கொண்டார். அது சூடேறிக் கல்லாகும்வரை யாரும் காலை அசைக்கவில்லை.

தைப்பதற்கு முன் டாக்டர் குதிகாலைத் தூக்கி, முட்டி வளையாமல் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலைச் சும்மா விட்டார். அது தன் பாரத்திலேயே மடங்கிப் போய் நின்றது. "125 இருக்குமுங்க" என்றார் அக்கா. இதைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். உள்ளே வைத்த உலோகம் இத்தனை மடங்கும் என்று கண்ணால் கண்டாயிற்று. நாளைக்கு வார்டில் எழுபதில் நின்றால், தடுப்பது வலியும் வீக்கமும் பயமும்தான். முரட்டுத்தனமாக மடக்கவும் வேண்டாம், மடங்காது என்று விட்டுவிடவும் வேண்டாம். நேராக நின்ற அந்தக் காலைப் பார்த்த பிறகு, முட்டிக்கு அடியில் உறவுக்காரர்கள் பாசத்தோடு வைக்கிற தலையணையை எடுத்தெறியும் தைரியமும் வந்துவிட்டதாம். வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி வளைந்தபடியே இறுகிப்போகும்.

சொல்ல மறந்துவிட்டேன், எங்களுக்கு முன்பே ஒரு இளைஞர் உள்ளே நின்றிருந்தார். இம்ப்ளான்ட் கம்பெனி ஆள். எந்த அளவு, எந்தப் பெட்டி என்று அவருக்கு மனப்பாடம். அன்றைக்கே அது அவருக்கு மூன்றாவது முட்டி. விற்பவருக்குத் தினமும் திறக்கிற கதவு, அதே முட்டியோடு அடுத்த ஆறு வாரம் மல்லுக்கட்டப் போகிறவருக்குப் பதினைந்து வருடத்தில் நாலு முறை திறந்திருக்கிறது. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேலையைச் சுத்தமாகச் செய்தார். என் எரிச்சல் வேறு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியத்துக்கு 54,720 ரூபாய், வரி தனி. நடுவில் இருப்பவர்கள் அடித்த லாபத்துக்கு அப்போதாவது ஒரு கடிவாளம் விழுந்தது. வீட்டுக்குப் போய்ச் செய்யும் பிசியோவுக்கு எந்தக் கடிவாளமும் இல்லை. அக்காவின் தோழி ஒருத்தியை அனுப்பும் ஏஜென்சி நோயாளியிடம் வாங்குவது 700, அவள் கைக்கு வருவது 350. நான்கரை வருடம் பி.பி.டி. படித்தவளுக்குப் பெட்ரோலும் சொந்தச் செலவு. நோயாளி வீட்டிலோ 700 ரூபாய் கணக்குப் பார்த்துப் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் நிறுத்தினோம். எட்டாம் நாள்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனோம். அக்காவின் பையில் கோனியோமீட்டர், கோணம் அளக்கிற இரட்டைக் கை ஸ்கேல், எண்கள் பாதி அழிந்து கிடந்தது. தோட்டத்துக்கார அம்மா வாக்கரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி கூடப் பரவால்ல அம்மிணி, இந்தத் தொடைதான்..."

அவர் முடிக்கவில்லை. அக்கா போர்வைக்கு மேலேயே நாலு விரலை வைத்து, "இங்கதானுங்களே?" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "உனக்கெப்படிக் கண்ணு தெரியும்?"

"கட்டும்போது பக்கத்துலதான் நின்னேனுங்க. ரெண்டு மூணு நாள்ல கொறையும். எந்திரிங்க, நிக்கலாம்."