ஆயிரம் வார்த்தை ஆசை

நிமிஷத்துக்கு ஆயிரம் வார்த்தை படிக்கக் கத்துத்தர்றோம்னு விளம்பரம் வந்தா நம்பாதீங்க. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் 1959-லேயே இப்படியொரு வகுப்பைத் தொடங்கிட்டார். அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, ஆய்வாளர் கீத் ரேனரின் குழு 2016-ல் சொன்ன முடிவு: வேகத்தை ரொம்பக் கூட்டினா புரிதல் குறையும். விழித்திரையில் எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. ஒரு பார்வைக்குச் சில எழுத்துகள்தான் தெளிவாத் தெரியும். பக்கத்தை அப்படியே விழுங்கக் கண்ணால் முடியாது. ஆங்கிலத்தில் கதையல்லாத நூல்களுக்குச் சராசரி வேகமே நிமிஷத்துக்கு 238 சொற்கள் என்று 2019-ல் ஆய்வாளர் மார்க் பிரைஸ்பர்ட் கணக்கிட்டார். (ஒரே சொல்லில் பலதை அடுக்கும் தமிழுக்கு அந்த எண் பொருந்தாது.)

படிச்ச வரிக்குத் திரும்பிப் போறது கெட்ட பழக்கம், அதை விட்டாலே வேகம் வரும்னு இந்த வகுப்புகளில் சொல்றாங்க. 2014-ல் ஒரு சோதனையில், படித்த சொற்களை உடனே மறைத்துத் திரும்பிப் பார்க்க விடாமல் செய்தார்கள். புரிதல் சரிந்தது. அப்போ சிலர் மட்டும் எப்படி வேகமாப் படிக்கிறாங்க? அவர்களுக்கு அந்தச் சொற்களும் துறையும் ஏற்கெனவே பழக்கம். வக்கீல் தீர்ப்பை வேகமாப் படிப்பார். அவரிடமே மருத்துவக் கட்டுரையைக் கொடுத்தால் நின்று நின்றுதான் போவார். மேலோட்டமாப் பார்ப்பதும் பயனுள்ளதுதான், தேடுறது என்னன்னு தெரிந்திருந்தால். ஆனால் அதைப் படிப்புன்னு சொல்லாதீங்க.

வகுப்புக்குக் கட்டும் பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்க. கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்காதீங்க.