ஜி.எஸ்.டி வேகத்தை பம்மலுக்குக் கொண்டு வராதீர்கள்!

பம்மல் என்றதும் சிலருக்கு நாடக மேதை பம்மல் சம்பந்த முதலியார் நினைவுக்கு வருவார். சிலருக்கு 2002-ல் வந்த கமல் படம். ஆனால், பம்மல்வாசிகளுக்கு ஊர் என்றால் முதலில் மெயின் ரோடுதான்!

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி சாலையைவிட்டுத் திரும்பும் குன்றத்தூர் சாலை, பம்மல் வழியாக நெசவுக்குப் பெயர்போன அனகாபுத்தூரைத் தொட்டு, குன்றத்தூர் முருகன் கோயில் பக்கம் போகிறது. 2021-ல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஊர் மாநகரமாகிவிட்டாலும் மெயின் ரோட்டின் இயல்பு மாறவில்லை. கடை வாசலில் நிற்கும் பைக், கைகாட்டினால் நின்றுவிடும் ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, பள்ளி வேன் எல்லாவற்றுக்கும் இதே ரோடுதான்.

கண் செய்யும் மாயம்

அகலமான சாலையில் வேகமாக வந்து பழகிய கண்ணுக்கு, குறுகிய சாலையில் திரும்பியதும் 50 கி.மீ வேகம்கூட ஊர்வது போலத் தெரியும். அதனால் மனசை நம்பாமல், திரும்பியவுடன் ஒருமுறை ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? 40 கி.மீ வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதன்பிறகு பிரேக் பிடித்து வண்டி நிற்க, மொத்தம் சுமார் 20 மீட்டர் தேவை. அதுவே 60 கி.மீ வேகம் என்றால், அந்த 20-வது மீட்டரில் கார் இன்னும் 55 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் மோதுகிறது. மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

லாரிக்கு இடப்பக்கம் வேண்டாம்

டூ வீலரில் போகிறவர்கள் நெரிசலில் லாரியின் இடதுபக்கச் சந்தில் புகுவது வழக்கம். லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பின்னாலேயே நில்லுங்கள். ஹெல்மெட்டின் பட்டையைப் போடாமல் தலையில் கவிழ்த்து வைத்தால் பயனில்லை.

பெற்றோர் கவனத்துக்கு...

2012 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். அதன்பிறகுதான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் நடக்கும் வாகன ஆய்வு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால், பிள்ளையை ஏற்றிவிடும்போது வேனுக்குள் ஒரு பார்வை பார்க்க எந்த அதிகாரியும் வேண்டியதில்லை.

விபத்தைப் பார்த்தால்...

முதலில் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காயம்பட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. 'போலீஸ், கேஸ்' என்று தயங்க வேண்டாம்.

பல்லாவரத்திலிருந்து பம்மல் சில கிலோமீட்டர்தான். அதை வேகமாகக் கடந்தாலும் மிச்சமாவது ஓரிரு நிமிடங்களே. அந்த நிமிடங்களை மெயின் ரோட்டில் குறுக்கே நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுங்களேன்!