ஷிஃப்டுக்கு முன்னாடி 10 நிமிஷம்

பெரம்பலூர்ல வீடு, அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில வேலை. காலை 6 மணி ஷிஃப்டுன்னா நாலரைக்கே எந்திரிக்கணும். சரி, புலம்பல் போதும். இன்னிக்கு எழுத வந்தது ஷிஃப்ட் ஆரம்பிக்கிறப்போ நடக்குற 10 நிமிஷக் கூட்டத்தப் பத்தி. எங்க பக்கம் அதுக்கு டூல்பாக்ஸ் டாக்னு பேரு.

சென்னையில பொட்டி தட்டுற நண்பர்கள் இதையே ஸ்டாண்டப்ங்கிறாங்க. ஸ்க்ரம் வழிகாட்டியில அதுக்கு 15 நிமிஷம்தான். 'நேத்து என்ன செஞ்ச, இன்னிக்கு என்ன செய்யப்போற, என்ன தடங்கல்'னு மூணு கேள்வி வேற இருந்துச்சு. 2020 பதிப்புல அதைத் தூக்கிட்டாங்க. நல்லதுதான். ஆளாளுக்கு ஒப்பிச்சுட்டுப் போறதுக்கா கூட்டம்?

எங்க கூட்டமும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. கேண்டீன் ஷெட்ல நிக்க வச்சு, "ஹெல்மெட் போடு, ஷூ போடு"ன்னு ஒரே பாட்டு, அப்புறம் ரிஜிஸ்டர்ல கையெழுத்து. மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம்னா கூடவே உறுதிமொழி. பீகார், ஒடிசா பசங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. கையெழுத்து மட்டும் கரெக்டா இருக்கும் :-)

புதுசா வந்த இன்சார்ஜ் கூட்டத்தை கன்வேயர் பெல்ட் பக்கத்துக்கே கொண்டுபோயிட்டார். அந்த சத்தத்துல கத்தித்தான் பேசணும், அதனாலேயே யாரும் நீட்டி முழக்க மாட்டாங்க. அவரும் புத்தி சொல்றத விட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேப்பார்: "நேத்து எந்த எடத்துல பயமா இருந்துச்சு?" இந்தி தெரிஞ்ச பையன் ஒருத்தன் அதைத் திருப்பிச் சொல்வான்.

ரெண்டு நாள் எல்லாரும் தரையப் பாத்தாங்க. மூணாம் நாள், காண்ட்ராக்ட்ல கூட்டிப் பெருக்குற பெரியவர் ஒருத்தர், "சார், அந்தக் கடைசி பெல்ட்டுல கயித்த இழுத்தா நிக்க மாட்டேங்குது"ன்னார். பெல்ட் ஓரமா நீளத்துக்கும் போற கயிறு அது. ரோலர்ல கை மாட்டினா அதை இழுக்கணும், பெல்ட் உடனே நிக்கணும். குப்பை அள்ளுறப்போ இவர் கை பட்டு இழுத்திருக்கு, பெல்ட் பாட்டுக்கு ஓடியிருக்கு. ஒரு வாரமாவே தெரியுமாம்.

"ஏன் பெரியவரே சொல்லல?"ன்னேன்.

"யாரு தம்பி கேட்டா?"

அந்த ஒரு வாரமும் ரிஜிஸ்டர்ல அவரோட கைநாட்டு இருக்கு.

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை மாத்துற வரைக்கும் பெல்ட் ஓடக்கூடாதுன்னுட்டார் இன்சார்ஜ். ப்ரொடக்ஷன்லேர்ந்து போன் மேல போன். மனுஷன் அசையல.

கூட்டம் நீளாம இருக்கவும் ஒரு வழி வச்சிருக்கார். ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்னா, "முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் இருங்க"ன்னு ஒதுக்கிடுவார். கேண்டீன் சாம்பார் மட்டும் எல்லாருக்கும் சம்பந்தப்பட்டதாம். அன்னிக்கு 10 நிமிஷம் 16 ஆயிடும்.