எதிரணியில் என் தம்பி

பிள்ளைகள் விளையாட்டே கதியென்று கிடப்பதைக் கண்டு ஏசாத பெற்றோர் நம் தோட்டங்களில் இருக்கிறார்களா? நானும் என் மகனை ஏசுகிறவன்தான். ஆனால் ஏசி முடித்ததும் எனக்குள் ஒரு சிரிப்பு வரும். 2005-ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதுக் காளையாக இருந்த நான், பிரிஞ்சாங் கடைத்தெருவின் மாடியில் இருந்த கணினிக் கடையில் இரவு இரவாகக் கிடந்தவன். அது எதற்காக என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

அப்பா 2003-இல் காலமானார். நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்து வீடு. வீட்டில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. மலைச்சரிவில் நின்று கொழுந்தெடுக்க முடியாது. ஆக, நானோ தம்பியோ தோட்டத்தில் நிற்க வேண்டும். “நீதானே மூத்தவன், நீ பாரு அண்ணே” என்று சொல்லிவிட்டுத் தம்பி சிங்கப்பூருக்குப் பையைத் தூக்கினான். எனக்கும் வெளியே போக ஆசை இருந்தது. அதை அவன் கேட்கவே இல்லை. வாசலில் வைத்துச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னேன். “இனி இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்” என்றான். இரண்டு வருடம் மிதிக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் உறவினர் மூலம் பணம் வரும்.

நான் ஆலையில் தேயிலை வாட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மாமன் மகன்தான் சொன்னான், தம்பி ஓய்வு நேரமெல்லாம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் கிடக்கிறான் என்று. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது அது. உலகெங்கும் உள்ளவர்கள் இணையத்தின் வழி ஒரே மாய உலகத்தில் நடமாடலாம். தம்பி எந்த சர்வரில் இருக்கிறான் என்பதையும், அங்கே அவன் வைத்துக்கொண்ட பெயரையும் கேட்டுக்கொண்டேன். பெயர் என்ன தெரியுமா? ‘பிரிஞ்சாங்’! வாசல் மிதிக்க மாட்டேன் என்றவன், ஊரின் பெயரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

மாதச் சந்தா ஏறக்குறைய 15 அமெரிக்க டாலர். அன்றைக்கு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு. ஆக 57 வெள்ளி. கடைக்கார சீனர் தம் அட்டையில் கட்டிவிட்டு என்னிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். கடை வாடகை தனி. அம்மாவிடம் கூட்டுறவுக் கடன் என்று பொய் சொன்னேன்.

அந்த உலகில் இரண்டு அணிகள்: அலயன்ஸ், ஹோர்ட். மனிதர், குள்ளர், எல்ஃப் முதலானோர் அலயன்ஸ். ஓர்க், ட்ரோல், மாட்டுத்தலையோடு நடக்கும் டோரன் முதலானோர் ஹோர்ட். விவரம் அறியாத நான் மனிதனையே தேர்ந்தெடுத்தேன். தம்பியோ டோரன். பெயர் கேட்டபோது வேறொன்றும் தோன்றாமல், அப்பா வளர்த்த மாட்டின் பெயரை வைத்தேன்: ‘வெள்ளச்சி’. மாட்டு உருவத்தில் ஊர்ப்பெயர் அவனுக்கு, மனித உருவத்தில் மாட்டுப்பெயர் எனக்கு!

பிறகுதான் தெரிந்தது நான் செய்த பிழை. எதிரணிக்காரர் பேசுவது நமக்குப் புரியாது. நாம் என்ன எழுதினாலும் அவர் திரையில் அர்த்தமற்ற எழுத்துக் குவியலாகத்தான் விழும். அப்படித்தான் விளையாட்டை அமைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசத்தான் 57 வெள்ளி கொடுத்தேன், பேசத்தான் முடியவில்லை. கையசைப்பது, வணங்குவது போன்ற சைகைகள் மட்டும் தெரியும்.

அந்த ஜூன் மாதத்தில்தான் அணிகள் மோதும் புதிய போர்க்களங்களைத் திறந்தார்கள். ஒன்று நாற்பது பேருக்கு நாற்பது பேர். நான் போனது ‘வார்சாங் கல்ச்’; பத்துக்குப் பத்து. எதிரி கோட்டைக்குள் புகுந்து கொடியைத் தூக்கித் தன் கோட்டைக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் மூன்று முறை கொண்டுவருகிற அணி வெல்லும். நம் கொடி நம்மிடம் இல்லாதபோது எதிரி கொடியைக் கொண்டுவந்தாலும் கணக்கில் சேராது. அன்றைக்குக் கால வரம்பு கிடையாது. ஓர் ஆட்டமே மணிக்கணக்கில் இழுத்ததுண்டு. கதையின்படி மரம் வெட்ட வந்தவர்களுக்கும் காட்டைக் காப்பவர்களுக்கும் சண்டை. மலைநாட்டுக்காரனுக்கு இது புதிய கதையா என்ன?

பல இரவுகள் போனேன். தெரியாத பெயர்களோடு மோதி, தெரியாத பெயர்களிடம் விழுந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, வெளியே பனி இறங்கிக் கண்ணாடி வெளுத்திருந்த நேரம், எங்கள் கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு டோரன் களத்தின் நடுவே ஓடி வந்தது. தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ‘பிரிஞ்சாங்’.

பக்கத்தில் நான் ஒருவன்தான். வெட்டினால் கொடி திரும்பக் கிடைக்கும். கை ஓடவில்லை. “தம்பி, நான்தான்டா” என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன், போய்ச் சேராது என்று தெரிந்தும். பிறகு கையசைத்தேன்.

டோரன் நின்றது. தூக்கிய கொடியோடு நிற்கிற மடையன் அந்தக் களத்தில் கிடையாது. என் பெயரைப் படித்திருக்க வேண்டும். மெல்லத் தலை குனிந்து வணங்கியது. அதற்குள் பின்னால் வந்த எங்கள் அணிக்காரன் அதை வெட்டிச் சாய்த்துவிட்டான். கொடியை விட்டு வேடிக்கை பார்த்ததற்காக என் அணியினர் என்னைத் திட்டிய திட்டு மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

மறுநாள் காலை அம்மாவின் கைப்பேசி ஒலித்தது.

“அம்மா, வெள்ளச்சி இருக்கா?”

“அதை அப்பா காரியத்துக்கே வித்தாச்சேடா. ரெண்டு வருசங் கழிச்சு மாட்டைத்தான் விசாரிப்பியா?” என்று அழுதுகொண்டே அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, “ஏன் அண்ணே வெட்டலை?” என்றான்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வந்தான். வீட்டுப் பேச்சு வந்ததும் மறுபடியும் குரல் உயர்ந்தது. அம்மா நடுவில் வந்து நிறுத்தினார். நான் இழந்த வருடங்களுக்கு அவன் கணக்குச் சொல்லவில்லை; நானும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றதாகச் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதே விளையாட்டின் பழைய வடிவத்தை 2019-இல் மீண்டும் வெளியிட்டு, டிசம்பரில் அந்தப் போர்க்களங்களையும் திறந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது; இருந்தும் போனோம், அவன் ஹோர்ட், நான் அலயன்ஸ். 2022 மே மாதத்தில் புதிய வடிவத்தில் ஒரு மாற்றம் வந்தது: இரண்டு அணியினரும் ஒரே குழுவாகச் சேர்ந்து சில இடங்களுக்குப் போகலாம். செய்தி வந்த அன்றே தம்பி எழுதியிருந்தான்: “அண்ணே, இனி ஒரே பக்கம் வரலாமாம். வர்றியா?”

காலை வேலைக்கு நேரமாகிவிட்டதால் அப்புறம் எழுதுகிறேன் என்று கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் எழுதவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை. சனிக்கிழமை இரவானால், எதிரணியில் நின்று முதலில் கையசைப்பது மட்டும் அவன்தான்.