வாஷர் பிதுங்காமல்

புரட்டாசி பிறந்துவிட்டால் திண்டிவனம் வட்டாரத்தில் ஷெட் போடும் மேஸ்திரிகளைக் கையில் பிடிக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒழுகலை அடைத்துத் தரச் சொல்லி ஆளாளுக்குப் போன் போடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மேற்கொண்டு நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. அதற்கப்புறம் இந்த அவசரம் இன்னும் கூடிவிட்டது.

நான் போனது மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை அடுக்கும் ஒரு ஷெட்டுக்கு. டிஎம்வி என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. இது மல்லாட்டை பூமி. மல்லாட்டைக்கு ஈரம் ஆகாது. நனைந்த பருப்பில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையிலிருந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஊறும். வீட்டுக் கூரை ஒழுகினால் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம், இங்கே அது நடக்காது.

ஒழுகலைப் பார்க்க வந்த மேஸ்திரி முதலில் கூரைமேல் ஏறவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு மூன்று இடங்களில் ஊசி முனையாக வெளிச்சம். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டார்ச்சை அடித்து, ஷீட்டைத் தாங்கும் பர்லின் பைப்பில் துருக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தேடினார். "சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது சார். தண்ணி மேல எங்கியோ எறங்கி, பைப்பு புடிச்சி ஓடியாந்து இங்க வுழும்." சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஏற்கெனவே யாரோ சிமென்ட்டையும் தாரையும் அப்பி வைத்திருந்தார்கள். ஷீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். சிமென்ட் அதோடு நீளாது. வெடித்துக் கிடந்தது.

இந்த நீட்டமும் சுருக்கமும் சின்ன விஷயமில்லை. இருபது அடி இரும்பு ஷீட், 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். கூரைமேல் பகலுக்கும் இரவுக்கும் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். ஒவ்வொரு நாளும் ஷீட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இழுத்து விடுகிறது. வருடக்கணக்கில் இழுத்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். தண்ணீருக்கு அது போதும்.

மேலே ஏறியபோது காலை எட்டு மணி; பதினொன்றுக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாது. ஸ்க்ரூ வரிசையைப் பிடித்தே நடக்கச் சொன்னார், அடியில் பைப் இருக்கும் இடம் அதுதான். உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரலால் தடவினார். இரும்புத் தொப்பிக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருக்கும் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் வாஷர், உளுந்து வடையை விடச் சின்னது, அதுதான் மொத்தக் கூரைக்கும் காவல். சில இடத்தில் வாஷர் தொப்பிக்கு வெளியே பிதுங்கி, வெயில் பட்டு வெடித்திருந்தது: மெஷினை அழுத்திப் பிடித்து முறுக்கிய ஆளின் வேலை. சில இடத்தில் ஸ்க்ரூ சாய்ந்து, ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறந்திருந்தது. வாஷர் விளிம்பு தொப்பி ஓரத்துக்கு மட்டமாக வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நொடி மெஷினுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.

கழற்றிய துளையில் அதே ஸ்க்ரூவைப் போட்டால் பிடிக்காது. 5.5 மி.மீ. இருந்த இடத்தில் 6.3 மி.மீ. போடுகிறார்கள். பைப்பைத் தொடாமல் தவறிப் போன துளைகளை பியூட்டில் டேப் வைத்து மூடுகிறார்கள். ட்ரில் போட்ட இரும்புத் துருவலை அங்கங்கே துடைப்பத்தால் பெருக்குகிறான் உதவிப் பையன். பெருக்காமல் விட்டால் ஒரே மழையில் துருப் புள்ளி விழுந்து, கலர் பூச்சு அதன் வழியே கெடும். கிரைண்டரில் ஷீட் வெட்டுவதையும் மேஸ்திரி விடமாட்டார். தீப்பொறி பூச்சைக் கருக்கிவிடும்.

பக்கத்திலேயே புது ஷெட்டுக்கு ஷீட் ஏறிக்கொண்டிருந்தது. தெற்கு ஓரத்தில் தொடங்கி வடக்கே போனார்கள். வடகிழக்குக் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு வரும்போது, ஷீட்டும் ஷீட்டும் ஏறி உட்காரும் வாய் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். ஆனால் புயல் கடக்கும்போது காற்று திசை மாறும். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்கள் இதை மறக்கவில்லை. அதனால் அந்த வாயிலும் டேப் ஓடுகிறது, இடையிடையே ஸ்க்ரூ விழுகிறது. காற்று கூரையை அழுத்துவதை விட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். அந்த இழுப்பு ஓரத்திலும் முகட்டிலும்தான் கடுமை. அங்கே மேட்டுக்கு மேடு ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று.

நெளி தகட்டுக்கு லண்டனில் ஹென்ரி பாமர் காப்புரிமை வாங்கியது 1829-இல். அன்றிலிருந்து தகடு எவ்வளவோ மாறிவிட்டது. வெறும் துத்தநாகம் போய் அலுமினியம் கலந்த பூச்சு, அதன்மேல் கலர். கடைக்குப் போகிறவர்கள் ஷீட் எத்தனை மி.மீ., என்ன கலர், எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். ஸ்க்ரூவைக் கேட்பவர் யாரும் இல்லை. இருப்பதில் மலிவானது தலையில் விழும். கூலியோ சதுர அடிக் கணக்கு. வேகமாக முறுக்குகிறவனுக்கு அதிகம், மணிக்கட்டைக் கேட்டு முறுக்குகிறவனுக்குக் குறைவு. ஒழுகலை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த மேஸ்திரி பழைய கூரைக்குச் சதுர அடி பேசுவதில்லை, நாள் சம்பளம்தான். மரக்காணம் பக்கம் கூப்பிட்டால் உப்புக்காற்றைச் சொல்லி, ஸ்க்ரூவைத் தானே வாங்கி வருவேன் என்கிறார். ஷெட்காரருக்கு நாள் சம்பளத்தில் மனமில்லை.

"எத்தினி நாளாகும் மேஸ்திரி?"

"முகடும் ரெண்டு ஓரமும் இப்ப முடிச்சிடலாம்ணா. நடுவுல இருக்கறத பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம்."

"அதுவரிக்கும் மூட்டை?"

தெற்குச் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளை முகட்டுக்கு நேர் கீழே மாற்றி, அடியில் மரச்சட்டம் போடுவதென்று முடிவானது. மேஸ்திரி ஒரு அட்டையைக் கிழித்து, 6.3 ஸ்க்ரூ இரண்டு பெட்டி, பியூட்டில் டேப் நான்கு சுருள் என்று எழுதி, பையனிடம் கொடுத்துத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்.