பிறக்காத கன்னுகளோட கணக்கு

ஒரு கேள்வி. காளை பால் தராது. அப்போ பால் மாட்டுக்கு நல்ல காளை எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

மகள்களைப் பார்த்துதான். இளம் காளையோட விந்தைப் பல பண்ணைகளுக்கு அனுப்பி சினை ஊசி போடுவாங்க. ஒன்பது மாசத்துல கன்னு பிறக்கும். அந்தக் கிடேரி வளர்ந்து, தானும் கன்னு போட்டு, பால் கறக்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். முதல் ஈத்துல 305 நாள் கணக்குக்குப் பாலை அளந்து பதிவு செய்வாங்க. ஆக, காளைக்கு ரிசல்ட் வர அஞ்சாறு வருஷம். அதுவரை விந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல காத்திருக்கும்.

ஏன் பல பண்ணை? எல்லா மகள்களும் ஒரே இடத்துல இருந்தா, பால் கூடினது அப்பாவாலயா, தீவனத்தாலயான்னு பிரிக்க முடியாது. அதனால, ஒரே பண்ணையில ஒரே சீசன்ல கறக்கிற மத்த காளைகளோட மகள்களோட ஒப்பிடுவாங்க. அமெரிக்காவில 2009-லேர்ந்து டிஎன்ஏவை வெச்சே கன்னுக்குட்டியா இருக்கும்போதே கணிச்சிடறாங்க. ஆனா அந்தக் கணிப்புக்கும் அடிப்படை, பழைய மகள்களோட பால் பதிவுதான்.

இவ்வளவு கவனமா செஞ்ச கணக்குலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. 1962-ல அமெரிக்காவில பிறந்த 'சீஃப்'ங்கிற ஹோல்ஸ்டீன் காளைக்கு சுமார் 16,000 மகள்கள். நல்லா பால் கறந்தாங்க. அதனால அதோட வாரிசுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாங்க. இன்னைக்கு அந்த நாட்டு ஹோல்ஸ்டீன் மரபணுவில கிட்டத்தட்ட 14 சதவீதம் சீஃப்கிட்டேர்ந்து வந்தது.

ஆனா சீஃப்கிட்ட பழுதான ஒரு ஜீனும் இருந்துச்சு. ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வந்தா ஒண்ணும் ஆகாது. அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் வந்தா, கரு வயித்துலயே கலைஞ்சிடும். சீஃபோட வாரிசுகள் தங்களுக்குள்ளயே சேர ஆரம்பிச்சப்போதான் அது நடந்துச்சு. உலகம் முழுக்க அஞ்சு லட்சம் கருவுக்கு மேல போயிருக்கும்னு 2016-ல மதிப்பிட்டாங்க. பல வருஷம் இது யார் கண்ணுக்கும் படல. பிறக்காத கன்னுக்கு ஏது பால் பதிவு?

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன்.

போன செமஸ்டர்ல பிளேஸ்மென்ட் வாலன்டியரா நான்தான் எங்க டிபார்ட்மென்ட் எக்செல் ஷீட்டைப் பார்த்துக்கிட்டேன். அரியர் இருக்கிறவங்க 'எலிஜிபிள்' இல்லைன்னு ஃபில்டர் போடச் சொன்னாங்க, போட்டேன். சதவீதம் சட்டுனு ஏறுச்சு. போஸ்டர்ல வந்த நம்பரைப் பார்த்து எனக்கே பெருமையா இருந்துச்சு. அந்த ஃபில்டர்ல மறைஞ்ச வரிகள்ல ஒண்ணு என் ரூம்மேட். ரெண்டு அரியர். போஸ்டரைப் பார்த்துட்டு, "நான் இதுல ஃபெயில் லிஸ்ட்ல கூட இல்லையாடா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். நானும் அப்போ சிரிச்சுட்டேன்.

அந்த நம்பர் பொய் இல்லை. சீஃபோட மகள்கள் கறந்த பாலும் பொய் இல்லை. ஆனா யாரை எண்ணலங்கிறது ரெண்டுலயுமே தெரியல.

இப்போ ஷீட்டை ஜூனியர்ஸ்கிட்ட கொடுத்தாச்சு. கொடுக்கும்போது ஃபில்டரை எடுத்துட்டு, 'மொத்த மாணவர்கள்'னு ஒரு காலம் சேர்த்தேன். போஸ்டர்ல அது வருமான்னு தெரியாது. அடுத்த வருஷம் அந்தச் சதவீதத்தைப் பார்த்தீங்கன்னா, எத்தனை பேர்லன்னு ஒரு தடவை கேட்டுடுங்க.